இரண்டு ஸ்டெப்னி

நாற்பத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டினால்
என் ஐம்பத்தொன்றாம் வருடத்து செவ்ரலே பிக்கப்
காதில் ஈயம் காய்ச்சி ஊற்றும்.
அதன்மேல் தப்பில்லை.
உழுத வயலில் வைக்கோல் இழுக்கப் பிறந்த வண்டி.
சக்கரம் ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள்
சாஃப்ட் நாலு சுற்றுக்கும் மேலே சுற்றிக் களைத்துவிடும்.
நானோ மாதம் இருமுறை பில்லிங்ஸ் போகிறவள்.
நூற்று நாற்பது மைல்.
முதுகுக்குப் பின்னால் லாரிகள்
ஹாரனில் ஏசிக்கொண்டே வரும்.

பின் அச்சை மாற்று என்றான் எல்டன்.
பிறகு அவனே தலையைச் சொறிந்தான்.
இந்த வண்டியில் சாஃப்ட் ஒரு குழாய்க்குள் ஓடுகிறது.
அச்சு போனால் குழாய் போகும்,
குழாய் போனால் கியர்பாக்ஸ் போகும்.
"நூல் ஒன்றை இழுக்கிறாய், ஆர்டிஸ்.
துணி எங்கே முடிகிறதென்று பார்த்துக்கொள்."

பிப்ரவரி. லவோன் ஹாக்கின் காயலான் கடை.
பனி மூடிய பானெட்டுகளுக்கு நடுவே
அங்குல டேப்போடு மண்டியிட்டு ஊர்ந்தேன்.
முதலில் ஒரு ஃபோர்டு அச்சு. டிஸ்க் பிரேக்கெல்லாம் உண்டு.
ஆனால் பினியன் நடுவில் நிற்காமல்
குடும்பப் போட்டோவில் கோபித்துக்கொண்டவன்போல
இரண்டு அங்குலம் ஒதுங்கி நின்றது.
அடுத்தது அகலம் அதிகம்,
டயர் மட்கார்டுக்கு வெளியே முழங்கையை நீட்டும்.
இன்னொன்றில் எண்ணெய்க்குப் பதில் துருத்தண்ணீர்.

வேலியோரம் ஒரு நோவா கார்.
முன்பக்கம் என்று சொல்ல எதுவும் இல்லை.
பின்பக்கம், நேற்றுக் கழுவி நிறுத்தியதுபோல.
டிரம்முக்கு டிரம் டேப் பிடித்தேன்.
நூல் பிசகவில்லை. நான் எழுதிக் கொண்டுவந்த அளவு,
அச்சு அசலாக.
ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி
டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, சாஃப்டில் ஒரு கோடு.
இரண்டு சுற்று சுற்றி வாய்விட்டு எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
அப்புறம் ஒரு சுண்டுவிரல் தூரம்.
இதுதான்.

"எழுபத்தைந்து டாலர்," என்றாள் லவோன்.
கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.
"கர்ட் ட்வெய்ட்டின் வண்டி. தெரியுமல்லவா?"

தெரியாது. அதாவது, வண்டியைத் தெரியாது.
ஒன்பது வருடம் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில்
மூன்றாம் வரிசை ஜன்னல்.
கண்ணாடியில் மூச்சை ஊதி
அதில் டிராக்டர் வரைவான்.
பாலத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
இருபத்திரண்டு வயது.

டேப்பைக் கைவிட்டேன்.
அது சுருண்டு உள்ளே ஓடிய சத்தம்
வேலிவரை கேட்டது.
துருப்பிடித்ததை மறுபடி போய்ப் பார்த்தேன்,
கழுவித் தேய்த்தால் ஆகுமா என்று. ஆகாது.
ஃபோர்டை இன்னொருமுறை அளந்தேன்.
அதே இரண்டு அங்குலம்.
பர்ஸை எடுக்கும்போது லவோன்
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் எல்டன்
வில்பட்டை உட்கார அச்சின்மேல் புது மேடை வைத்தான்,
மூக்கு மூன்று டிகிரி நிமிர வெல்டு அடித்தான்.
முன் சக்கரத்துக்கு ஆறு போல்ட், பின்னதுக்கு ஐந்து.
இனி என் வண்டிக்கு இரண்டு ஸ்டெப்னி.
கியர்பாக்ஸ் செலவைப் பற்றிப் பேச வேண்டாம்.

மே மாதம், தீவனக் கடை.
சிக்ரிட் ட்வெய்ட் கோழித்தீவன மூட்டையை
என் வண்டியில் வீசிவிட்டுக்
குனிந்து அடியில் பார்த்தாள். வெகுநேரம்.
இந்த ஊரில் யாரும் யாரிடமும்
எதையும் சொல்ல வேண்டியதில்லை.

"சத்தம் போடுகிறதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"அறுபதைத் தாண்டினால்
இடப்பக்கம் கொஞ்சம் முனகுகிறது."

"பேரிங்," என்றாள்.
"மாற்று மாற்று என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.
ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொள்வான்."
ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

என் வண்டியில் ரேடியோ இல்லை.